அண்ணாந்து குடிக்கும் குழாய்

வெயிலில் நடந்து வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரி செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், அவர் அந்தச் செம்பின் விளிம்பை உதட்டில் படவிடாமல், முகத்தை மேலே நிமிர்த்தி, நாலு விரற்கடை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக வாயில் வார்த்துக்கொண்டு, தாகம் தீர்ந்ததும் செம்பைத் திண்ணையில் வைப்பதை மதுரைச் சீமையில் பிறந்து வளர்ந்தவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். அண்ணாந்து குடிப்பது என்று நாம் சொல்லும் இந்த வழக்கத்துக்குப் பெரியவர்கள் கூறும் காரணம், எச்சில் படலாகாது என்பதே. செம்பிலிருந்து வாய்க்குத் தண்ணீர் இறங்கலாம்; வாயிலிருந்து செம்புக்கு ஒரு துளியும் ஏறலாகாது. இரண்டுக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த நாலு விரற்கடை இடைவெளி, அடுத்துக் குடிக்க வருகிறவனுடைய ஆரோக்கியத்துக்குக் காவலாக நிற்கிறது.

இதே இடைவெளியை மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே நிறுத்தி, சிலரை மட்டும் கை குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து தண்ணீர் வார்த்த கொடுமையும் நம் நாட்டில் நடந்ததுண்டு. அந்தப் பாவத்துக்கு எந்த நியாயமும் இல்லை. தண்ணீரையும் அழுக்கையும் பிரிப்பதற்கு உரிய இடைவெளியை மனிதரைப் பிரிப்பதற்குப் பயன்படுத்தினோம். அது உண்மையாகவே வேண்டியிருக்கும் இடத்தில், அதாவது நம் வீட்டுக்குள் வந்து சேரும் குடிநீர்க் குழாயின் வாயில், அதை மறந்துவிட்டோம். அந்த மறதியைப் பற்றியும், அதைத் திருத்தும் சில எளிய சாதனங்களைப் பற்றியும், அவற்றைப் பொருத்துவதிலும் மாற்றுவதிலும் காட்ட வேண்டிய சிரத்தையைப் பற்றியும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், விளாங்குடியைக் கடந்து சமயநல்லூருக்குப் போகும் வழியில் இருக்கிறது பரவை. பழந்தமிழில் பரவை என்றால் கடல். பெயரிலே கடலை வைத்துக்கொண்டிருக்கும் இவ்வூரில், வைகை அருகிலேயே ஓடியும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், தண்ணீர் என்பது மதுரை வட்டாரத்தின் மற்ற ஊர்களில் போலவே நேரம் பார்த்து வரும் விருந்தாளியாக இருக்கிறது. இந்த வட்டாரத்து மக்கள் தண்ணீரை இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பேசுவார்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இறைப்பது உப்புத் தண்ணீர். தெருக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் முன்னது. சோற்றுக்கும் குடிக்கவும் பின்னது. நல்ல தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. முறை வைத்துத் திறக்கிறார்கள், திறந்த சிறிது நேரத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு மூடிவிடுகிறார்கள்.

மூடிய பிறகு தெருக்குழாய் என்ன ஆகிறது என்று நாம் யோசிப்பதில்லை. நாம் அறிய வேண்டிய விஷயம் முழுதும் அந்த மூடிய நேரத்திலேதான் அடங்கியிருக்கிறது.

தண்ணீருக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போவதே அதன் சுபாவம். நீரேற்று நிலையத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வீட்டுக்கும் அது வருவது, தெருவில் அழுத்தம் கூடுதலாகவும் வீட்டில் குறைவாகவும் இருக்கும் வரைதான். அந்த ஏற்பாடு ஒரு கணம் மாறினாலும், வந்த வழியே திரும்பிப் போக அது தயங்காது. இப்படித் திரும்புவதைப் பின்னோட்டம் என்று சொல்லலாம். திரும்பும் தண்ணீர் தனியாகத் திரும்பினால் பாதகமில்லை. வீட்டிலே எதைத் தொட்டுக்கொண்டு கிடந்ததோ அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்குள் போய், அடுத்த முறை குழாய் திறக்கும்போது பக்கத்து வீட்டுக் குடத்தில் விழுகிறது. அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

பின்னோட்டத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தெருப்பக்கம் அழுத்தம் போய்விடுவது. குழாயை மூடிய பின் பள்ளத்தில் உள்ள வீடுகள் மிச்சத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, மேட்டில் உள்ள குழாயில் தண்ணீர் வடிந்து, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து ஒரு சூனியம் உண்டாகிறது. யாரேனும் தெருக்குழாயில் நேராக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சினாலும், எங்கோ பெருங்குழாய் உடைந்தாலும், தீயணைப்பு வண்டி பெரும் வேகத்தில் நீர் எடுத்தாலும் இதே கதிதான். இளநீரில் குழல் போட்டு உறிஞ்சும் குழந்தையைப் போல, அந்தச் சூனியம் தன்னோடு இணைந்த ஒவ்வொரு வாயிலிருந்தும் உறிஞ்சுகிறது. துணி ஊறும் பக்கெட்டுக்குள் ரப்பர்க் குழாய் அமிழ்ந்து கிடந்தால் சோப்புத் தண்ணீரை உறிஞ்சும். பூச்சிமருந்து கலக்கும் டிரம்முக்குள் கிடந்தால் மருந்தை உறிஞ்சும். கழிவறையில் கைத்தெளிப்பான் கோப்பைக்குள் விழுந்து கிடந்தால், எதை உறிஞ்சும் என்று எழுதவும் வேண்டுமா? வீட்டில் மட்டுமல்ல; பூமிக்கடியில் சாக்கடைக்குப் பக்கத்தில் செல்லும் குழாயின் தளர்ந்த மூட்டுகளின் வழியாகவும் சுற்றியுள்ள அசுத்த நீர் உள்ளே புகுகிறது.

இரண்டாவது காரணம், வீட்டுப் பக்கம் அழுத்தம் மிகுந்துவிடுவது. பத்து மீட்டர் உயரமுள்ள தண்ணீர், தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையால் அழுத்துகிறது. இரண்டு மாடி வீட்டின் உச்சியில் இருக்கும் தொட்டியின் அடிப்பாகத்தோடு தெருக்குழாயை நேராக இணைத்திருந்தால், தெரு காலியாகும்போது தொட்டித் தண்ணீர் தெருவுக்கு இறங்கிவிடும். மதுரை வட்டாரத்தில் இதைவிடச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று: உப்புத் தண்ணீர்க் குழாயையும் நல்ல தண்ணீர்க் குழாயையும் சௌகரியத்தை உத்தேசித்து ஒரே குழாயில் சேர்த்து, நடுவில் ஒரு கேட் வால்வை மட்டும் வைத்துவிடுவார்கள். அந்த வால்வை மூட மறந்த ஒரு நாளில், நீர்மூழ்கி மோட்டார் தன் முழு பலத்தோடும் உப்புத் தண்ணீரை ஊராரின் குடிநீர்க் குழாய்க்குள் தள்ளுகிறது. வீட்டுக்காரருக்குத் தாம் செய்தது தெரியவே தெரியாது.

இவையெல்லாம் வெறும் கற்பனைப் பயங்கள் என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்கிறது. 1933-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதைப் பார்க்க வந்தவர்கள் தங்கிய இரண்டு பெரிய ஹோட்டல்களில் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் பழுதான இணைப்புகளால் கலந்துவிட, அமீபா சீதபேதி பரவி ஏறக்குறைய 1,400 பேர் நோயுற்று, 98 பேர் மாண்டனர். பகட்டான அறைகளும் பனிக்கட்டியிட்ட தண்ணீரும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

1969-இல் அந்நாட்டின் வூஸ்டர் நகரில் நடந்தது இன்னும் நுட்பமான பாடம். ஹோலி கிராஸ் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாய்கள் தரையில் சிறு குழிகளுக்குள் அமைந்திருந்தன. அருகே குடியிருந்த, மஞ்சள் காமாலைக் கிருமியைச் சுமந்த குழந்தைகள் அங்கே விளையாடியதால் அக்குழிகளில் தேங்கிய நீர் அசுத்தப்பட்டிருந்தது. சற்றுத் தொலைவில் ஒரு வீட்டில் தீப்பற்ற, தீயணைப்புக்காக நீர் வேகமாக எடுக்கப்பட, மைதானத்துக் குழாயில் அழுத்தம் போய், குழியிலிருந்த நீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. பயிற்சி முடிந்து தாகத்தோடு வந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் அந்தக் குழாயில் குடித்தார்கள். அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்குக் காமாலைக் கிருமி தொற்ற, அந்த ஆண்டின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் ரத்தாயின. எங்கோ எரிந்த தீக்கும் இங்கே குடித்த தண்ணீருக்கும் நடுவே இருந்த ஒரே சம்பந்தம், தடுப்பில்லாத ஒரு குழாய்.

நம் நாட்டில், 1955-ஆம் ஆண்டுக் கடைசியில் தில்லியில் ஒரு நதியே பின்னோட்டம் கண்டது. வெள்ளத்துக்குப் பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொள்ள, கீழே கலக்க வேண்டிய நஜஃப்கர் சாக்கடை நீர் எதிர்த்திசையில் ஏறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் துறையை அடைந்தது. 1956 தொடக்கத்துக்குள் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நமக்கு மிக அருகில், 2022 ஜூலையில், காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டதும் குடிநீர் அசுத்தமானதன் விளைவே. காவிரியின் கடைமடை ஊரில் தண்ணீரைக் கண்டு மக்கள் அஞ்சிய நாட்கள் அவை.

இந்த ஆபத்துக்கு மனிதன் கண்ட பரிகாரங்களை எளியதிலிருந்து அரியதற்கு வரிசையாகச் சொல்லலாம். அவற்றில் முதலாவதும் தலையாயதும், நாம் தொடக்கத்தில் கண்ட அண்ணாந்து குடிக்கும் முறையே. பொறியியலார் அதற்குக் காற்று இடைவெளி என்று பெயரிட்டிருக்கிறார்கள். தொட்டிக்குள் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய், அந்தத் தொட்டி எவ்வளவு நிரம்பினாலும் தண்ணீர் எட்ட முடியாத உயரத்தில் இருக்க வேண்டும். குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாவது, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலம். ஓர் அங்குலக் குழாய்க்கு இரண்டு அங்குலம். இதில் தேயும் ரப்பர் இல்லை, துருப்பிடிக்கும் சுருள்வில் இல்லை, விலையும் இல்லை. தெருவில் எத்தகைய சூனியம் உண்டானாலும் அந்தக் குழாய் உறிஞ்சுவது காற்றையே அன்றித் தண்ணீரை அல்ல. எந்த இயந்திரமும் இதற்கு நிகரான பாதுகாப்பைத் தர முடியாது.

அடுத்தது, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. இது நமக்குப் புதிதன்று. கொல்லனுடைய துருத்திக்குள் காற்று உள்ளே வர வழிவிட்டு, வெளியேற முயலும்போது படிந்து மூடிக்கொள்ளும் தோல்மடிப்பு இதே தத்துவந்தான். நம் கைகால்களின் சிரைகளில் இதயத்தை நோக்கிச் செல்லும் இரத்தம் திரும்பி வராதபடி இயற்கை இத்தகைய சிறு கதவுகளை வைத்திருப்பதையும் ஒரு சான்றாகக் கொண்டே வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியிட்ட தம் நூலில் இரத்தம் ஒரே திசையில் சுற்றி வருவதை நிரூபித்தார். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் நம் சம்சாரிகள், உறிஞ்சுகுழாயின் அடியில் ஃபுட் வால்வு கெட்டுப்போனால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடுவதையும், ஒவ்வொரு முறையும் குழாயில் தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட வேண்டியிருப்பதையும் நன்கு அறிவார்கள். வீட்டுக் குழாயில் இதன் பெயர் நான்-ரிட்டன் வால்வு. பிளம்பர்கள் சுருக்கமாக என்.ஆர்.வி. என்பார்கள். உள்ளே ஒரு தகடோ குமிழோ இருக்கும். தண்ணீர் வரும்போது விலகும். திரும்ப முயலும்போது அந்தத் தண்ணீரின் அழுத்தமே அதைத் தன் இருக்கையில் அழுத்தி மூடிவிடும்.

ஆயினும் ஒற்றைக் கதவை முழுக்க நம்பலாகாது. ஒரு மணற்பரல் சிக்கினாலும் அது முழுதாக மூடாது. மூடவில்லை என்பதை வெளியிலிருந்து யாரும் அறியவும் முடியாது. ஆகவே ஆபத்து சற்று மிகுந்த இடங்களில் இரண்டு கதவுகளை அடுத்தடுத்து வைக்கும் இரட்டைத் தடுப்பு வால்வைப் பொருத்துகிறார்கள். ஆஸ்பத்திரி, இரசாயனத் தொழிற்சாலை, சாயப்பட்டறை போன்ற பேராபத்து உள்ள இடங்களுக்கு இன்னும் மேலான ஒன்று உண்டு. அதில் இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள அறையில் தெருப்பக்கத்தைவிட அழுத்தம் எப்போதும் குறைவாகவே இருக்கும்படி செய்து, அந்த அறையின் அடியில் வெளியே திறக்கும் ஒரு வாயையும் வைத்திருப்பார்கள். கதவுகளில் ஒன்று பழுதாகி நடு அறையில் அழுத்தம் ஏறினால், அடிவாய் திறந்து தண்ணீர் தரையில் கொட்டிவிடும். மற்றக் காவலாளிகள் தூங்கிப்போனால் நமக்குத் தெரியாது. இந்தக் காவலாளி தன் தளர்ச்சியைத் தானே கூவிச் சொல்லுவான். இதைக் குழிக்குள் வைக்கலாகாது. குழியில் நீர் தேங்கினால் அடிவாயே அசுத்தம் நுழையும் வழியாகிவிடும்.

இவ்வளவு உயர்ந்த சாதனத்தை எல்லா வீடுகளிலும் பொருத்திவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நம் ஊர்களின் நிலைக்கு அது பொருந்தாது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஒற்றைத் தளக் கட்டடங்கள் உள்ள பகுதிக்கு வீட்டு இணைப்பில் 7 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் இருந்தால் போதும் என்பது நம் நாட்டின் குடிநீர் விநியோகப் பொறியியலார் நெடுங்காலம் கைக்கொண்ட கணக்கு. மேற்சொன்ன சாதனமோ, தண்ணீர் தன்னைக் கடந்து போவதற்கே ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தையும் விழுங்கிவிடும். மேலைநாட்டின் பெரும் அழுத்தக் குழாய்களுக்காகப் பிறந்த அதை நம் தெருவில் பூட்டினால் குழாயில் சொட்டுத்தான் வரும். ஆகவே நம் வீடுகளுக்கு உகந்தது, தரைத்தொட்டியில் காற்று இடைவெளி, அதற்கு முன்னே ஒரு தரமான நான்-ரிட்டன் வால்வு ஆகிய இரண்டும் சேர்ந்த ஏற்பாடே. தண்ணீர் நேரம் பார்த்து வருவதால் ஏற்பட்ட தரைத்தொட்டி என்ற நிர்ப்பந்தமே, முறைப்படி அமைத்தால், நமக்குப் பெரும் பாதுகாப்பாக மாறிவிடுகிறது.

முறைப்படி அமைப்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம். பரவையில் ஒரு வீட்டில் பிளம்பர் ஒருவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தரைத்தொட்டியின் மூடியைத் திறந்ததும் அவர் முதலில் கவனித்தது, உள்ளே வரும் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகித் தொட்டியின் அடிவரை இறக்கியிருந்ததைத்தான். விடியற்காலையில் தண்ணீர் விழும் ஓசை தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீட்டுப் பெரியம்மா முன்பு யாரையோ கொண்டு செய்வித்த ஏற்பாடு அது. “வால்வு கெட்டுப் போச்சுன்னுதானேப்பா கூப்பிட்டேன், இத ஏன் பாக்குற?” என்று அவர் கேட்க, பிளம்பர் நிதானமாகச் சொன்னார்: “வால்வ மாத்திரலாம்மா. ஆனா இந்தக் குழா தண்ணிக்குள்ளயே முங்கிக் கெடக்கே, தெருவுல தண்ணி நின்னா ஒங்க தொட்டித் தண்ணியத்தான் அது திருப்பி இழுக்கும். தொட்டியில பல்லி விழுந்து கெடந்தா, அதுவும் சேந்து ஊருக்குப் போகும்மா.” இவ்வளவு தெளிவாக இதை விளக்கிய பாடப்புத்தகத்தை நான் படித்ததில்லை.

அவர் செய்த வேலையின் முறையை அப்படியே சொல்லுகிறேன். வீட்டில் வேலை நடக்கும்போது வாசகர்கள் மேற்பார்வை செய்ய அது உதவும். முதலில் தெருப்பக்கத்து வால்வை மூடி, குழாயில் இருந்த தண்ணீரை வடியவிட்டார். பழைய வால்வின் இரு பக்கமும் யூனியன் என்னும் பிரிக்கக்கூடிய இணைப்பு இருந்ததால் குழாயை அறுக்காமலே கழற்ற முடிந்தது. யூனியன் வைக்காத வீடுகளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குழாயை வெட்ட வேண்டியிருக்கும். கழற்றிய வால்வைத் திறந்து காட்டினார். உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ரப்பர் வில்லை ஓரத்தில் கிழிந்து, தகடு சாய்ந்து நின்றது. புதிய வால்வைப் பூட்டுமுன், தெருவால்வைச் சிறிது திறந்து குழாயில் இருந்த மணலும் துருவும் வெளியேறும்படி ஓடவிட்டார். இதைச் செய்யாமல் பொருத்தினால் புதிய வால்வும் முதல் நாளே மணலைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும் என்றார். வால்வின் உடலில் பொறித்துள்ள அம்புக்குறி தண்ணீர் வரும் திசையைக் காட்ட வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் தண்ணீரே வராது. ஊஞ்சல்போல் ஆடும் தகடு உள்ள வால்வைக் கிடைமட்டக் குழாயிலோ தண்ணீர் மேல்நோக்கி ஏறும் குழாயிலோதான் வைக்கலாம். கீழ்நோக்கி இறங்கும் குழாயில் வைத்தால் தகடு தொங்கித் திறந்தே கிடக்கும். சுருள்வில் வைத்ததை எந்த நிலையிலும் வைக்கலாம். மரைகளில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, பித்தளை வால்வைப் பிளாஸ்டிக் குழாயில் பலங்கொண்டு முறுக்காமல், கைப்பதத்துக்குப் பின் ஸ்பேனரால் சிறிதளவே இறுக்கினார்.

வால்வு வாங்குவதில் சிக்கனம் பார்க்கலாகாது. செம்புக் கலப்பு உலோகத்தால் ஆன இத்தகைய வால்வுகளுக்கு ஐ.எஸ். 778 என்றும், பெருங்குழாய்களில் பொருத்தும் ஊஞ்சல் தகட்டு வால்வுகளுக்கு ஐ.எஸ். 5312 என்றும், ஃபுட் வால்வுகளுக்கு ஐ.எஸ். 4038 என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதிகள் வகுத்திருக்கிறது. வாங்கும் பொருளில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

பொருத்திய வால்வு தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வால்வுக்கு முன்னே, தெருப்பக்கத்தில், ஒரு சிறு குழாய்வாயை வைத்துக்கொள்ள வேண்டும். தெருவால்வை மூடிவிட்டு, வீட்டுப் பக்கத்தில் தண்ணீர் உயரமாக நிற்கும் நிலையில், அந்தச் சிறு வாயைத் திறக்க வேண்டும். குழாயில் தங்கிய கொஞ்சம் தண்ணீர் வடிந்து நின்றுவிட்டால் வால்வு நன்றாக மூடுகிறது. நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் வீட்டுத் தண்ணீர் வால்வைத் தாண்டித் திரும்புகிறது என்று அறிந்து, சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். அமெரிக்காவின் பல நகரங்களில் ஆபத்து மிகுந்த கட்டடங்களின் தடுப்பு வால்வுகளை அனுமதி பெற்ற சோதனையாளர் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துச் சான்று தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் தொட்டி கழுவும்போதும் இந்தச் சோதனையையும் செய்வது என்று ஒவ்வொரு குடும்பமும் சங்கற்பம் செய்துகொண்டால் போதும்.

வீட்டுக்காரரின் கடமைகள் இன்னும் சில உண்டு. தரைத்தொட்டியின் வாய் தரைமட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கனமழையில் தெருச் சாக்கடை அதற்குள் இறங்கும். நிரம்பி வழியும் குழாய்க்குக் கொசுவலை கட்டி, அதன் மட்டத்துக்கு மேலேயே வரும் குழாயின் வாய் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் எந்த இடத்திலும் குழாயால் இணையலாகாது; இரண்டும் ஒரே தொட்டிக்கு வர வேண்டுமானால், இரண்டும் தனித்தனியே, மேலிருந்து, காற்றின் வழியாக விழட்டும். ரப்பர்க் குழாயைப் பக்கெட்டிலோ மருந்து டிரம்மிலோ அமிழ்த்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாகாது. தெருக்குழாயில் நேராக மோட்டாரைப் பூட்டுவது சட்டப்படி குற்றம் மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குள் சாக்கடையை இழுத்துவிடும் செயல் என்பதை உணர வேண்டும். தண்ணீர் ஏறவில்லை என்று குழாயடியில் குழி தோண்டி, குழாயின் வாயைக் குழிக்குள் இறக்கிப் பிடிக்கும் வழக்கமும் இத்தகையதே. தண்ணீர் நின்றதும் அந்தக் குழியில் தேங்கியதைத்தான் குழாய் குடிக்கிறது.

வீட்டார் மட்டுமே திருந்தினால் போதாது. தெருக்குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்குமானால் பின்னோட்டத்துக்கான வழிகளில் பெரும்பகுதி தாமே அடைபட்டுவிடும். ஒடிசாவின் புரி நகரம் 2021-இல் நாள் முழுதும் குழாயிலிருந்து நேராகக் குடிக்கத்தக்க நீரை அளிக்கத் தொடங்கியது. கோயம்புத்தூரிலும் நாள் முழுதும் நீர் வழங்கும் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக நீர் பெற்றுவந்த மதுரைக்கு, லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரும் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் உருவானது. வரும் நீரின் அளவு பெருகுவதோடு, அது குழாயில் இடைவிடாமல் நிற்கவும் வேண்டும் என்பதைப் பொறியியலாரும் பேரூராட்சிகளும் ஒரே நோக்கமாகக் கொள்வார்களானால், அதைவிடப் பெரிய பின்னோட்டத் தடுப்பு வேறில்லை. அதுவரை, குழாயின் கடைசி வீட்டிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்ற விதியை டேங்க் ஆபரேட்டர்கள் காப்பது அவசியம். தெருக்கோடியில் குளோரின் திடீரென்று காணாமற் போனால், எங்கோ அசுத்தம் புகுந்திருக்கிறது என்பதற்கு அது முதல் எச்சரிக்கை.

கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் தன் பரம்பரைக் கடமை என்று எண்ணிய நீர்க்கட்டியிடம், கடைக்கோடி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேருமா என்ற கவலை எப்போதும் இருந்தது. தன் வயலுக்குப் பாய்ந்ததும் மற்றதை மறந்துவிடும் உரிமை அந்த ஏற்பாட்டில் எவனுக்கும் இல்லை. தெருக்குழாயும் ஒரு கண்மாய்தான். நம் வீட்டு வால்வு காப்பது நம்மை அல்ல; நமக்கு அடுத்த வீட்டாரை. அவர்கள் வீட்டு வால்வு காப்பதோ நம்மை. தன் காசைச் செலவிட்டுப் பிறருக்குக் காவல் வைப்பதும், பிறர் வைத்த காவலில் தான் நலமாக இருப்பதும் ஊர் என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களில் ஒன்று.

அன்று பரவையில் பிளம்பர் புதிய வால்வைப் பூட்டி முடித்த பின், தொட்டிக்குள் இறங்கியிருந்த பிளாஸ்டிக் குழாயை உருவி எடுத்து, குழாயின் வாயை நிரம்பி வழியும் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி வெட்டிச் சீர்செய்தார். பெரியம்மாவுக்கு முழுச் சம்மதம் இல்லை; ஆனாலும் தடுக்கவில்லை. மறுநாள் விடியுமுன், தெருவில் தண்ணீர் திறந்தவுடன், அந்த வீட்டுத் தொட்டிக்குள் தண்ணீர் உயரத்திலிருந்து விழும் ஓசை வாசல் வரை கேட்டது. அந்தக் குழாய் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.